கட்டில் குமிழில் ஒரு பர்னர்

போன மாசியில் பக்கத்து வீட்டுப் பெரியம்மா மொட்டை மாடியில் அரிசி வத்தல் பிழிந்து காயப்போட்டிருந்தார். அன்றைக்குப் பார்த்துத்தான் நான் என் எண்ணெய் உலையை முதல்முறையாகப் பற்றவைத்தேன். பத்தே நிமிடம். கரும்புகை கிளம்பி, காற்று அடித்த பக்கமெல்லாம் நூல் நூலாகக் கரி இறங்கியது. பெரியம்மா சண்டைக்கு வரவில்லை. வத்தலை ஒரு முறத்தில் அள்ளிக்கொண்டு வந்து பட்டறை வாசலில் வைத்தார். "ஏனுங் தம்பி, வெள்ளையாத்தான் புழிஞ்சேன், இப்பப் பாருங்க" என்றார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது.

சோமனூர் பக்கம் எங்களுடையது சின்னப் பட்டறை. ஒரு லேத்து, ஒரு டிரில்லிங் மிஷின், பின்னால் பொடக்காலியில் ஒரு உலை. சுற்றிலும் விசைத்தறி. தறி என்று இருந்தால் புஷ் (சுழலும் தண்டைத் தாங்கும் வளையம்) தேயும். கிணற்று மோட்டாருக்கும் அதே கதைதான். செம்போடு வெள்ளீயமும் துத்தநாகமும் கலந்த கன்மெட்டலில் புஷ் வார்த்து, கடைசல் பிடித்துக் கொடுப்பது எங்கள் வேலை. ஐந்து கிலோ, ஆறு கிலோ வேலையைப் பெரிய பவுண்டரிகள் தொடுவதில்லை. எங்களுக்கு அதுதான் சோறு.

அப்பா காலத்திலிருந்து கோக் கரி உலைதான். அது நன்றாகவே உருக்கும், குறை சொல்ல முடியாது. ஆனால் பற்றவைத்துவிட்டால் நிறுத்த முடியாது. ஒரே ஒரு புஷ் அவசரமாக வேண்டும், தறி நிற்கிறது என்று ஆள் வந்து நிற்பார். அந்த ஒரு புஷ்ஷுக்கு ஒரு கூடைக் கரியைக் கொட்ட வேண்டும். உருக்கி ஊற்றிய பிறகும் மிச்சக் கரி பாட்டுக்குப் பொழுதோடு வரை எரிந்துகொண்டிருக்கும். எண்ணெய் உலை என்றால் வால்வைத் திருகினால் நின்றுவிடும். எனக்கு இருந்த ஆசை அவ்வளவுதான்.

முதல் பர்னரைச் செய்ய அரைமணி நேரம்கூட ஆகவில்லை. இரண்டு அங்குல எம்.எஸ். (சாதா இரும்பு) பைப். ஒரு முனையில் அரை எச்.பி. புளோயர், மறு முனை உலைக்குள். நடுவில் மேலிருந்து கால் அங்குலச் செம்புக் குழாய், அதில் ஒரு டேப். டேப்பைத் திறந்தால் எண்ணெய் சொட்டும். காற்று அதைத் தள்ளிக்கொண்டு போய் உலைக்குள் போடும். எண்ணெய்க்கும் பஞ்சமில்லை. டூவீலர் பட்டறையில் மாற்றிக் கீழே விட்ட என்ஜின் ஆயில் ஒரு கேன் சும்மாவே கிடைத்தது. பெரியம்மாவின் வத்தல்மேல் விழுந்தது அந்த எண்ணெய்தான்.

எங்களுக்கு மண் அச்சு அடித்துக் கொடுக்கும் மாமா ஒருவர் இருக்கிறார். உறவில் மாமா இல்லை, ஆனாலும் மாமாதான். அன்றைக்கு மண்ணைச் சலித்துக்கொண்டே புகையைப் பார்த்தார். "மாப்ள, இப்படிப் பொகையிற ஒலையில ஊத்துனா புஷ்ஷு பஞ்சாட்டத்தான் வரும்" என்றார். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மறுநாள் லேத்தில் மாட்டி மேல் தோலை எடுத்தபோதுதான் தெரிந்தது: கடைசல் பிடித்த முகம் முழுக்கக் குண்டூசி முனையளவு ஓட்டைகள். எண்ணெய் சரியாக எரியாத உலையில் ஹைட்ரஜன் மிச்சமாகச் சுற்றும். உருகிய செம்புக் கலவை அதைக் குடித்து வைத்துக்கொண்டு, இறுகும்போது வெளியே விடும். வெளியே வர வழியில்லாதது உள்ளேயே குமிழாக நின்றுவிடும். மாமா இதையெல்லாம் படித்தவர் இல்லை. நாற்பது வருஷமாக ஊற்றிப் பார்த்தவர்.

பழைய என்ஜின் ஆயிலையும் அன்றோடு விட்டேன். அதில் துத்தநாகம், தேய்ந்த உலோகத் தூள் என்று என்னவெல்லாமோ கலந்திருக்கும். எரித்தால் அத்தனையும் காற்றில் போகும், மிச்சம் உலோகம் உருக்கும் பாத்திரமான மூசையில் சாம்பலாக ஒட்டும். 2016ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளில் அது பட்டியலிலேயே இருக்கிறது. பதிவு பெற்ற மறுசுழற்சிக்காரர்களிடம்தான் கொடுக்க வேண்டும், நம் இஷ்டத்துக்கு எரிக்கக் கூடாது. சும்மா கிடைக்கிறதே என்று எடுத்தது தப்புதான்.

சரி, எண்ணெய்க்கு எங்கே போவது? என் மச்சான் கல்யாண சமையல் காண்ட்ராக்ட் எடுப்பவர். முகூர்த்த நாள் வந்தால் வடை, அப்பளம், முறுக்கு என்று டின் கணக்கில் எண்ணெய் காயும். ஒரு அளவுக்கு மேல் காய்ந்த எண்ணெயைத் திரும்ப உபயோகிக்கக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு விதி சொல்கிறது. எண்ணெயில் சேரும் போலார் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 2018 ஜூலையிலிருந்து இது நடப்பில் இருக்கிறது. மச்சானுக்கு அந்த எண்ணெய் பாரம், எனக்கு விறகு. கிலோவுக்கு ஏறத்தாழ 8,800 கிலோகலோரி வெப்பம் தரும். டீசல் 10,000க்குச் சற்று மேலே. பெரிய வித்தியாசமில்லை.

ஆனால் எண்ணெயை மாற்றியும் புகை குறைந்த பாடில்லை. கறுப்பாக இருந்தது கருஞ்சாம்பல் ஆனது, அவ்வளவுதான். அப்போதுதான் உட்கார்ந்து யோசித்தேன்.

எண்ணெய் எண்ணெயாக எரிவதில்லை. சூட்டில் ஆவியாகி, அந்த ஆவி காற்றோடு கலந்துதான் எரிகிறது. என் பைப்பில் விழும் சொட்டு மூன்று மில்லிமீட்டர் இருக்கும். அது ஆவியாகி முடிவதற்குள் உலையின் எதிர்ச்சுவரில் போய் அடித்து, அங்கே வழிந்து, கரியாகிறது. அதே சொட்டை 0.03 மில்லிமீட்டர் துளிகளாக உடைத்தால் பத்து லட்சம் துளிகள் கிடைக்கும். மொத்தப் பரப்பு நூறு மடங்கு. ஒரு துளி ஆவியாக ஆகும் நேரம் அதன் விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், நூறில் ஒன்றாகச் சிறுத்த துளி பத்தாயிரம் மடங்கு சீக்கிரம் காணாமல் போகும். நான் புளோயரை இன்னும் பெரிதாக மாட்டலாமா என்று விலை விசாரித்துக்கொண்டிருந்தேன். குறை காற்றில் இல்லை. எண்ணெய் உடையவில்லை.

உடைக்கத் தெரிந்த வழி ஸ்ப்ரே நாசில். பெயின்ட் கன் மாதிரி: கம்ப்ரசர் காற்று வேகமாகப் போகும்போது பக்கத்துத் துளை வழியாக எண்ணெயை இழுத்துத் தூளாக்கும். லேத்தில் நானே ஒன்று கடைந்தேன். எண்ணெய்த் துளை 0.8 மில்லிமீட்டர். மாட்டிப் பற்றவைத்ததும் முதல்முறையாக நீலம் கலந்த மஞ்சள் தீ, புகையே இல்லை. வீட்டுக்காரியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் வந்து பார்ப்பதற்குள் அணைந்துவிட்டது.

துளையை அடைத்தது ஒரு கறிவேப்பிலைத் துணுக்கு. துணியில் வடிகட்டினேன், அடுத்தது கடலை மாவு. இரண்டு மடிப்பு வேட்டித் துணியில் வடித்தேன். பதினைந்து நிமிடம் ஓடியது, பிறகு நாசில் முனையில் எண்ணெயே சூட்டில் பிசினாகி உறைந்துவிட்டது. மண்ணெண்ணெய் பம்ப் ஸ்டவ் வைத்திருந்த வீடுகளில் ஸ்டவ் பின் நினைவிருக்கும். தகர முனையில் ஒரு மெல்லிய கம்பி, அடைத்தால் குத்துவதற்கு. என் அமுச்சி, அம்மாவைப் பெற்றவள், சேலைத் தலைப்பில் முடிந்து வைத்திருப்பாள். 1892இல் ஸ்வீடனில் லிண்ட்க்விஸ்ட் செய்த அந்த அடுப்பு சுத்தமான மண்ணெண்ணெய்க்கே குத்தும் கம்பி கேட்டது. முறுக்குச் சுட்ட எண்ணெய்க்கு நான் நாள் முழுக்க அல்லவா குத்திக்கொண்டு நிற்க வேண்டும்? மூசையில் ஆறு கிலோ கன்மெட்டல் பாதி உருகி நிற்கும்போது நாசிலைக் கழற்றும் கொடுமையை மூன்று தடவை அனுபவித்த பிறகு அதையும் ஓரமாக வைத்தேன்.

அதற்கப்புறம் தெரிய வந்ததுதான் பாபிங்டன் முறை. ராபர்ட் பாபிங்டன் என்ற அமெரிக்கர் 1960களில் கொண்டுவந்தது. ஆஸ்பத்திரியில் மருந்தைப் புகையாக்கித் தரும் நெபுலைசர்களிலும் இதே தத்துவத்தில் ஒரு வகை உண்டு. கேட்டால் இவ்வளவுதானா என்று இருக்கும். உள்ளே வெற்றிடமான ஒரு உருண்டை. அதன் வயிற்றில் மயிரிழை போல ஒரு துளை. உருண்டைக்குள் அழுத்தக் காற்று. உருண்டையின் தலையில் எண்ணெயை ஊற்றினால், அபிஷேகத் தண்ணீர் சிலைமேல் வழிவது போல எண்ணெய் மெல்லிய தோலாக உருண்டை முழுக்கப் பரவி இறங்கும். துளை இருக்கும் இடத்தில் மட்டும் உள்ளேயிருந்து வரும் காற்று அந்தத் தோலைக் கிழித்துத் தூளாக்கி முன்னால் எறியும். மிச்ச எண்ணெய் கீழே தொட்டியில் வடிந்து, திரும்ப மேலே வரும்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்றே ஒன்று: சிறிய துளை வழியாகப் போவது காற்று மட்டும். எண்ணெய் வெளியில்தான் ஓடுகிறது. கறிவேப்பிலை வந்தால் வரட்டும், உருண்டைமேல் வழுக்கிக்கொண்டு கீழே போய்விடும்.

உருண்டைக்கு அலைந்தேன். கடையில் பித்தளைப் பந்து கெட்டியாகத்தான் கிடைத்தது. துளை இருக்கும் இடத்தில் சுவர் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. தடிமன் கூடினால் அவ்வளவு சிறிய துளையைப் போடவே முடியாது. மாடு கட்டும் கொட்டகையான கட்டுத்தறியில் அமுச்சியின் பழைய இரும்புக் கட்டில் கிடந்தது. நாலு மூலையிலும் நாலு பித்தளைக் குமிழ். ஒன்றைத் திருகி எடுத்தேன். உள்ளே காலி; சுவர் வெர்னியரில் 0.9. இரண்டு அங்குல விட்டம், புளி போட்டுத் தேய்த்ததும் கண்ணாடி மாதிரி வழவழப்பு. அந்த வழவழப்பு முக்கியம். சொரசொரப்பாக இருந்தால் எண்ணெய் கோடு கோடாகப் பிரிந்து ஓடும், தோலாக நிற்காது.

துளை 0.4 மில்லிமீட்டர். என் டிரில்லிங் மிஷினில் பிட் மாட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு இறக்கினேன். டிக் என்று ஒரு சத்தம். பிட் ஒடிந்து துளைக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டது. ஒரு குமிழ் போச்சு. இரண்டாவது குமிழைக் கோயமுத்தூருக்கே எடுத்துக்கொண்டு போனேன். ஸ்பார்க் ஈரோஷனில் ஜாப் ஆர்டர் செய்யும் பட்டறைகள் அங்கே ஏராளம். அந்தத் தம்பி குமிழைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏனுங்ணா, கட்டிலுக்கு எதுக்குங்ணா ஓட்டை?" என்றார். விளக்கியதும் ஆர்வமாகிவிட்டார். பிட் இல்லாமல், மின்பொறியில் அரித்தே மூன்று துளைகள், எட்டு மில்லிமீட்டர் இடைவெளியில் ஒரே வரிசையாக. டீ வந்து குடித்து முடிப்பதற்குள் முடிந்துவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் உலையில் மாட்டவில்லை. முதலில் சோதனை. குமிழின் கழுத்தில் பித்தளை நிப்பிள் பற்றவைத்து, கம்ப்ரசர் ஓஸைச் சொருகி, ரெகுலேட்டரில் ஒரு கிலோ பிரஷர் வைத்தேன். இருட்டிய பிறகு, பட்டறை லைட்டை அணைத்துவிட்டு, பையன் டார்ச் பிடிக்க, கரண்டியில் எண்ணெயை எடுத்துக் குமிழின் தலையில் மெதுவாக விட்டேன். எண்ணெய் நெற்றியில் இறங்குவது போல இறங்கி மூன்று துளைகளையும் மூடியது. அடுத்த கணம் டார்ச் வெளிச்சத்தில் மூன்று வெள்ளைக் கோடுகள். கோடு என்றால் தாரை இல்லை, மார்கழிப் பனி மாதிரி. கையை நீட்டினேன், நனைந்த மாதிரியே தெரியவில்லை, கையை மூக்கருகே கொண்டுபோனால் முறுக்கு வாசனை மட்டும். பையன், "அப்பா, எண்ணெய் எங்கப்பா போச்சு?" என்றான். எனக்கும் அதே கேள்விதான்.

எண்ணெயை அதிகம் விட்டுப் பார்த்தேன். தோல் தடித்து, காற்று அதை முழுதாகக் கிழிக்க முடியாமல் பொத்துப் பொத்தென்று பெரிய துளிகளாகத் துப்பியது. குறைத்தேன், துளை தெரிந்து வெறும் காற்று சீறியது. இரண்டுக்கும் நடுவில் ஒரு இடம் இருக்கிறது. அதைச் சத்தத்தை வைத்தே பிடித்துவிடலாம்: சீறல் மங்கி, துணி கிழிவது போன்ற ஒரு சத்தம் வரும்.

மற்ற அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆறு அங்குல எம்.எஸ். பைப்பில் ஒரு பெட்டி, நடுவில் குமிழ், மேலே எண்ணெய் விழும் குழாய், கீழே சரிவாக வடிகால். குமிழுக்கு முன்னால் இரண்டரை அங்குல ஊதுகுழாய், அது உலைக்குள் போகிறது. உலையின் வட்டத்துக்கு நேராக மையத்தைப் பார்த்துக் குழாயை வைக்கக் கூடாது. ஓரமாகச் சாய்த்து வைத்தால்தான் தீ மூசையைச் சுற்றிச் சுழன்று மேலேறும். நேராக வைத்தால் மூசையின் ஒரு பக்கம் மட்டும் அடிபட்டு வெடித்துவிடும். புளோயர் காற்று ஊதுகுழாயில் பக்கவாட்டில் நுழைகிறது. எண்ணெயைச் சுற்றிவிட, லேத்தில் மாட்டியிருந்த பழைய கூலன்ட் பம்பு. வடிகால் தொட்டியை முதலில் உலையிலிருந்து நாலடி தள்ளி, நடுவில் ஒரு தகடு வைத்து மறைத்திருந்தேன். பக்கத்தில் எப்போதும் இரண்டு வாளி மணல். தண்ணீர் வாளி கிடையாது. எண்ணெய்த் தீயில் தண்ணீர் ஊற்றினால் என்ன ஆகும் என்று சமையல்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

பற்றவைப்பதுதான் முதலில் தகராறு. சமையல் எண்ணெய் டீசல் மாதிரி சட்டென்று பிடிக்காது. உலை குளிர்ந்திருந்தால் பனிபோல வந்து சுவரில் படிந்துவிடும். சூடம் வைத்துப் பார்த்தேன், புளோயர் ஊதி அணைத்துவிட்டது. கடைசியில் கைகொடுத்தது பனியன் வேஸ்ட்தான். திருப்பூர் பக்கத்தில் இருந்துகொண்டு துடைக்கும் துணிக்கு யார் காசு கொடுப்பார்கள்? ஒரு கைப்பிடி வேஸ்டை டீசலில் நனைத்து உலையின் அடியில் போட்டுப் பற்றவைத்து, அது நன்றாகப் பிடித்ததும் புளோயரைக் கால்வாசி திறந்து, பிறகு காற்று, பிறகு எண்ணெய். ஐந்து நிமிடத்தில் சுவர் சிவக்கத் தொடங்கும். அதற்கப்புறம் அதுவே பார்த்துக்கொள்ளும்.

ஒருநாள் நடுவில் கரண்ட் ஒரு நொடி போய் வந்தது. தீ அணைந்துவிட்டது, கம்ப்ரசர் தொட்டியில் காற்று இருந்ததால் குமிழ் மட்டும் எண்ணெயைத் தூவிக்கொண்டே இருந்தது. உலை சூடாகத்தானே இருக்கிறது, தானாகப் பிடிக்கும் என்று புளோயரைப் போட்டுவிட்டு மூடியை எட்டிப் பார்த்தேன். டப்! மூடி ஒரு சாண் எழும்பி விழுந்தது. என் இடது புருவம் பாதி காணோம். ஒரு வாரம் பார்க்கிறவர்களெல்லாம் என்னைத் திருஷ்டிப் பொம்மையைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள். இப்போது கம்ப்ரசர் ஓஸில் ஒரு சொலினாய்டு வால்வு; கரண்ட் போனால் காற்றும் நின்றுவிடும். அணைந்தால் எண்ணெயை மூடி, புளோயரை மட்டும் ஐந்து நிமிடம் ஓடவிட்டு, திரும்ப வேஸ்டிலிருந்து ஆரம்பம். எவ்வளவு அவசரமானாலும் சரி.

காற்றைச் சொல்ல வேண்டும். ஒரு லிட்டர் சமையல் எண்ணெய் முழுதாக எரிய ஏறக்குறைய பத்து கனமீட்டர் காற்று வேண்டும். என் பர்னர் மணிக்கு மூன்று லிட்டர் குடிக்கிறது. அப்படியென்றால் பத்துக்குப் பன்னிரண்டு அறை ஒன்றில் இருக்கும் காற்று கிட்டத்தட்ட முழுவதையும் ஒரு மணி நேரத்தில் தின்றுவிடுகிறது. மூடிய ஷெட்டுக்குள் இதை வைக்கலாமா என்று கேட்கவே வேண்டாம். குமிழ் வழியாகப் போகும் காற்று இதில் கணக்கிலேயே வராது. அது எண்ணெயைக் கிழிப்பதற்கு மட்டும், எரிப்பதற்கு புளோயர். புளோயர் வாயில் ஒரு தகடு வைத்து, தள்ளித் திறக்கிற மாதிரி செய்திருக்கிறேன். அரிக்கேன் விளக்கில் கண்ணாடியை இறக்கியதும் புகை நின்று சுடர் நிமிருமே, அதேபோல ஒரு இடத்தில் தீ நிமிரும். மூடியின் ஓட்டை வழியாக ஒரு சாண் மஞ்சள் நாக்கு, நுனியில் புகையில்லாமல். அங்கிருந்து தகட்டை இன்னும் ஒரு நூல் திறந்து வைப்பேன். கன்மெட்டலுக்குக் காற்று கொஞ்சம் அதிகம் இருப்பது நல்லது, அந்த ஹைட்ரஜன் தொல்லை போகும். ஊற்றுவதற்கு முன் கொஞ்சம் பாஸ்பர் காப்பர் போட்டுக் கிண்டினால் சேர்ந்துவிட்ட ஆக்சிஜனும் கழிந்துவிடும்.

எண்ணெயில் தண்ணீர் இருந்தால் இத்தனையும் வீண். அப்பளம், வடை எல்லாம் எண்ணெயில் தண்ணீரை விட்டுத்தான் போகின்றன. குமிழ்மேல் தண்ணீர் வந்தால் தீ தும்மும், இரண்டு தும்மலில் அணையும். அதனால் மச்சானிடமிருந்து வரும் டின்னை ஒரு பெரிய போசியில் ஊற்றி, சலசலப்பு அடங்கும் வரை காய்ச்சி, இரண்டு நாள் அசையாமல் வைத்து, மேலே தெளிந்ததை மட்டும் எடுக்கிறேன். அடியில் நிற்கும் வண்டல் உலைக்கு வேண்டாம்.

கார்த்திகை வந்ததும் புதிதாக ஒரு வம்பு. காலையில் வந்து பார்த்தால் டின்னில் பாதி நெய் மாதிரி உறைந்து கிடந்தது. மச்சான் பாமாயிலும் தேங்காய் எண்ணெயும் கலந்து கொடுத்திருந்தார். கூலன்ட் பம்பு முனகியது, எண்ணெய் வரவில்லை. உறையாவிட்டாலும் சமையல் எண்ணெய் டீசலைவிடப் பத்து மடங்கு கெட்டி. 1900இல் பாரிஸ் கண்காட்சியில் டீசல் என்ஜினைக் கடலை எண்ணெயில் ஓட்டிக் காட்டியிருக்கிறார்கள். எப்படி ஓட்டினார்களோ என்று அன்றைக்குப் பொறாமையாக இருந்தது. தண்ணீர் காயவைக்கும் ஹீட்டர் ராடை எண்ணெய்த் தொட்டிக்குள் விட்டேன். புத்தி கெட்ட வேலை. எண்ணெய் தண்ணீரைப் போலச் சட்டென்று சூட்டை வாங்காது. ராடைச் சுற்றி ஒரு விரல் கனத்துக்குக் கரி கட்டி, தொட்டி புகைய ஆரம்பித்தது. பிடுங்கிப் போட்டேன். இப்போது தொட்டியின் ஒரு பக்கத்தை உலைச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி நிறுத்தியிருக்கிறேன். தீயிலிருந்து தகடு மறைக்கிறது, சுவரின் அனல் மட்டும் வாங்குகிறது. அரைமணி நேரத்தில் எழுபது, எண்பது டிகிரி வந்துவிடும். அந்தச் சூட்டில் எண்ணெய் மூன்றில் ஒரு பங்காக இளகிவிடும். பனிக்காலக் காலையில் மட்டும் முதல் இரண்டு லிட்டரை அடுப்பில் காய்ச்சி ஊற்றிக்கொள்கிறேன்.

நோட்டில் எழுதி வைத்திருக்கும் கணக்கு இது. ஆறு கிலோ கன்மெட்டல், குளிர்ந்த உலை: உருகி ஊற்றும் சூட்டுக்கு வர 50 நிமிடம், இரண்டரை லிட்டர் எண்ணெய். அதே சூட்டில் இரண்டாவது மூசை: 28 நிமிடம், 1.4 லிட்டர். ஆறு கிலோவை உருக்கத் தேவையான வெப்பத்தைக் கணக்குப் போட்டால், முதல் மூசையில் எண்ணெய் கொடுத்த சூட்டில் நூற்றுக்கு ஐந்துகூட உலோகத்துக்குப் போகவில்லை. இரண்டாவதில் எட்டு. மிச்சமெல்லாம் செங்கல்லுக்கும் மூடி ஓட்டை வழியாக வானத்துக்கும். புகை நின்ற சந்தோஷத்தில் இதை மாமாவிடம் சொல்லாமல் இருந்திருக்கலாம். சொன்னேன். அவர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, "அப்ப நீ மேகத்தைத்தான் காய்ச்சற, மாப்ள" என்றார்.

நொய்யலோடு கிழக்கே போனால் சென்னிமலைப் பக்கம் கொடுமணல். இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்திய ஊர். அங்கே தோண்டியபோது இரும்பு உருக்கிய உலைகளும் மூசையில் உருக்கு செய்த தடயங்களும் கிடைத்திருக்கின்றன. கன்மெட்டல் உருக ஆயிரம் டிகிரி போதும். உருக்குக்கு அதற்கு மேல் முந்நூறு டிகிரியாவது வேண்டும். கரியும் துருத்தியும் வைத்தே அவர்கள் அந்தச் சூட்டைத் தொட்டிருக்கிறார்கள். எனக்குப் புளோயர், கம்ப்ரசர், பம்பு, கட்டில் குமிழ் எல்லாம் இருந்தும் நூற்றுக்கு எட்டு. உலையின் உள்சுவரைச் சூட்டைக் கடத்தாத லேசான காப்புச் செங்கல்லாக மாற்றி, மூடி ஓட்டையை மூன்று அங்குலத்திலிருந்து இரண்டாகக் குறைத்தால் பத்தைத் தாண்டும் என்று நினைக்கிறேன். தை பிறந்ததும் அந்த வேலை.

புஷ் இப்போது சுத்தமாக வருகிறது. கடைசல் பிடித்த முகத்தில் விரலை ஓட்டினால் ஒரு ஓட்டை தட்டுப்படுவதில்லை. வந்து பார்க்கிறவர்கள் எல்லோரும் பித்தளை உருக்க முடியுமா என்று கேட்கிறார்கள். முடியும். ஆனால் பித்தளையில் துத்தநாகம் அதிகம். உருகும்போது வெள்ளைப் புகையாகக் கிளம்பும். அதைச் சுவாசித்தால் ராத்திரி குளிர்க்காய்ச்சல் மாதிரி உடம்பை உலுக்கும். காற்றோட்டமும் முகமூடியும் இல்லாமல் தொட வேண்டாம்.

இன்னும் சரியாகாத குறை இரண்டு. ஒன்று, உலையின் அனல் குழாய் வழியாகத் திரும்பிக் குமிழைச் சூடாக்குகிறது. மூன்று மூசைக்குப் பிறகு துளைகளைச் சுற்றி எண்ணெய் மஞ்சள் வார்னிஷ் போலப் படிகிறது. வாரம் ஒருமுறை கழற்றி காஸ்டிக் சோடாத் தண்ணீரில் ஊறவைத்துத் துடைக்கிறேன். கையுறை போட்டுக்கொண்டுதான். இரண்டாவது, நடுத்துளை பெரிதாகிக்கொண்டே வருகிறது. பத்து மாதத்தில் 0.4 பின் தளர்வாக நுழைகிறது. தினமும் காய்ந்து ஆறும் பித்தளை எத்தனை நாள் தாங்கும்? அடுத்ததை எஸ்.எஸ்.ஸில் (எவர்சில்வரில்) செய்யுங்கள் என்று ஸ்பார்க் தம்பி சொல்கிறார். ஆனால் அவ்வளவு மெல்லிய எஸ்.எஸ். உருண்டை எங்கே கிடைக்கும் என்று அவருக்கும் தெரியவில்லை.

போன வாரம் அம்மா கட்டுத்தறியைக் கூட்டப் போனார். திரும்பி வந்து, "ஏஞ்சாமி, அமுச்சி கட்டல்ல ரெண்டு குமிழக் காணோம், எவனோ கழட்டீட்டுப் போயிட்டான்" என்றார். இரும்புக்கு வாங்கும் ஆட்கள் இந்தப் பக்கம் அடிக்கடி வருகிறார்கள், ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்று சொன்னேன். மிச்சம் இருக்கும் இரண்டு குமிழையும் நானே கழற்றிப் பத்திரமாகப் பட்டறை டிராயரில் எடுத்து வைத்திருக்கிறேன்.